மட்டுப்படுத்தும் நொதியங்கள்: ஒரு கருவியின் வரலாறும் அதன் உடைமையும்

1

அறிவியல் வரலாறு பெரும்பாலும் பரிசில் பெற்றோரின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. இலக்கிய வரலாற்றைப் புலவர் சரித்திரமாகவும் நாட்டு வரலாற்றை அரசர் நிரலாகவும் எழுதிய நோக்கே இங்கும் தொழிற்படுகின்றது. தனிமனிதர் ஒருவரின் மேதைமை, எதிர்பாராத ஒரு தற்செயல், அதன் பயனாக ஒரு கண்டுபிடிப்பு, இறுதியில் ஒரு விருது என்னும் கதையமைப்பு எமக்குப் பழக்கமானதே. இக்கதையமைப்பினுள் அடங்காதவை இரண்டு. ஒன்று, கண்டுபிடிப்பை இயலச் செய்த கூட்டுழைப்பு. மற்றையது, கண்டுபிடிப்பு ஈற்றில் யாருடைய உடைமையாயிற்று என்னும் வினா.

இவ்விரண்டையும் மனங்கொண்டு, இருபதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் உயிரியலின் போக்கையே மாற்றிய ஒரு கருவியின் வரலாற்றை இக்கட்டுரையில் நோக்குவோம். டி.என்.ஏ. என்னும் நெடிய மூலக்கூற்றைக் குறித்த இடங்களில் வெட்டும் ஆற்றல் படைத்த, பற்றீரியங்களிலே காணப்படும் புரதங்கள் அவை. மட்டுப்படுத்தும் நொதியங்கள் என்பது அவற்றின் பெயர். 1978ஆம் ஆண்டின் மருத்துவத்துக்கான நோபல் பரிசு இவற்றின் பொருட்டே வேர்னர் ஆர்பர், டானியல் நேதன்ஸ், ஹமில்ரன் ஸ்மித் ஆகிய மூவருக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

இலக்கிய மாணவராகிய நாம் இத்துறையிற் கால்வைப்பது எல்லை மீறலன்றோ எனச் சிலர் வினவக்கூடும். ஆய்வுகூடத்தின் முடிபுகளைத் திருத்தும் தகுதி எமக்கில்லை. அது எமது நோக்கமுமன்று. ஆயின் அம்முடிபுகள் எவ்வாறு கதையாக்கப்படுகின்றன, எவ்வுருவகங்களில் உணர்த்தப்படுகின்றன, எத்தகைய சமூக உறவுகளுள் பிறந்து எத்தகைய உறவுகளுள் சென்று சேர்கின்றன என்பன வரலாற்று மாணவன் எவனும் கேட்க வேண்டிய வினாக்களாகும். முற்போக்காளரிடையே அறிவியலை முதலாளித்துவத்தின் கைப்பாவை என ஒதுக்கும் போக்கொன்றும், அதனை வர்க்கங்களுக்கு அப்பாற்பட்டதென வழிபடும் போக்கொன்றும் உண்டு. இவ்விரண்டும் பிழையானவை என்பதே எமது கருத்து. இந்நொதியங்களின் வரலாறு அதற்குத் தக்க சான்றாக அமைகின்றது.

2

இவ்வரலாறு 1950களின் தொடக்கத்தில், அமெரிக்காவின் இல்லினோய் பல்கலைக்கழகத்தில் ஆரம்பிக்கின்றது. அங்கு பணியாற்றிய சல்வடோர் லூரியா இத்தாலியிற் பிறந்த யூதர். முசோலினி ஆட்சியின் இனச் சட்டங்கள் காரணமாக 1938இல் இத்தாலியை விட்டுப் பாரிசுக்கும், 1940இல் நாசிப் படைகள் பிரான்சினுள் நுழைந்தபோது அங்கிருந்து அமெரிக்காவுக்கும் சென்றவர். தம்மைச் சோசலிசவாதியெனக் கூறிக்கொண்டவர். பிற்காலத்தில் வியட்னாம் யுத்தத்தை எதிர்த்துக் குரல்கொடுத்தவர்.

பற்றீரியங்களைத் தாக்கி அவற்றினுள் பெருகும் வைரசுகளை லூரியா ஆராய்ந்து வந்தார். ஈ. கோலை என்னும் பற்றீரியத்தின் ஒரு விகாரி வகையினுள் வைரசைச் செலுத்தினால் பற்றீரியம் இறந்தது. ஆயின் புதிய வைரசுகள் வெளிப்பட்டதாகத் தெரியவில்லை. ஒருநாள், சோதனைக்கென வைத்திருந்த வழமையான ஈ. கோலை வளர்ப்பைக் கொண்ட குழாய் உடைந்துபோயிற்று. அருகிருந்த ஆய்வுகூடத்தில் ஜுசெப்பே பெர்ற்றானியிடமிருந்து சிகெல்லா என்னும் வேறொரு பற்றீரியத்தை அவர் இரவல் பெற்றார். மறுநாட் பார்த்தபோது, காணாமற் போயினவெனக் கருதப்பட்ட வைரசுகள் சிகெல்லாவிற் செழித்துப் பெருகியிருந்தன. வைரசுகள் அழிந்திருக்கவில்லை. தாம் வளர்ந்த விகாரிப் பற்றீரியத்தினால் மாற்றமுற்று, தமது பழைய விருந்துவழங்கியினுட் பெருகும் ஆற்றலை மட்டுமே இழந்திருந்தன.

உடைந்த குழாய் பற்றிய இக்கதையைப் பின்னர் லூரியாவே தமது சுயசரிதையில் எழுதினார். நாம் முன்னர் குறித்த ‘தற்செயல்’ என்னும் கதையமைப்புக்கு இது இயல்பாகவே பொருந்துகின்றது. எனினும் குழாய்கள் எங்கும் உடைகின்றன. உடைந்த குழாய் யாவும் கண்டுபிடிப்பாவதில்லை. இரவல் கொடுக்க அயலிலே ஓர் ஆய்வுகூடம் இருந்தமையும், பற்றீரிய வகைகளை ஒருவரோடொருவர் தயக்கமின்றிப் பகிர்ந்துகொள்ளும் வழக்கம் அச்சிறு ஆய்வாளர் சமூகத்தில் நிலவியமையும் அத்தற்செயலுக்குப் பயன் தந்தன. லூரியாவும் மேரி ஹியூமனும் இணைந்து 1952இல் இம்முடிபை வெளியிட்டனர். அடுத்த ஆண்டில் பெர்ற்றானியும் ஜோன் வைகிளும் வேறு வைரசுகளிலும் இதையொத்த நிகழ்வைக் காட்டினர். ஒரு பற்றீரிய வகையில் வளர்ந்த வைரசு மற்றொரு வகையினுள் புகும்போது அதன் பெருக்கம் ‘மட்டுப்படுத்தப்பட்டது’. பல்லாயிரத்தில் ஒன்றே தப்பியது. தப்பிய ஒன்றின் வழித்தோன்றல்களோ அப்புதிய வகையினுள் தடையின்றிப் பெருகின. மீண்டும் பழைய வகையில் ஒருமுறை வளர்க்கப்பட்டால், அவை அவ்வாற்றலை இழந்தன. நொதியங்களின் பெயரில் இன்றுவரை நிலைத்திருக்கும் சொல் இவ்வாறு வந்ததே. பற்றீரியத்தின் செயலை வைரசின் இழப்பைக் கொண்டு பெயரிட்ட சொல் அது.

3

இக்கண்டுபிடிப்பு நிகழ்ந்த காலத்தை நாம் கவனிக்க வேண்டும். 1948 ஆகஸ்டில் சோவியத் விவசாய விஞ்ஞானக் கழகத்தின் கூட்டத்தில் லைசென்கோவின் கொள்கை அரச கொள்கையாக நிலைநாட்டப்பட்டது. சூழலினாற் பெறப்படும் பண்புகள் வழிவழியாகக் கடத்தப்படும் என்பது அக்கொள்கை. பிறப்புரிமையியல் ‘முதலாளித்துவ அறிவியல்’ எனத் தூற்றப்பட்டது. உலகின் தலைசிறந்த தாவரவியலாளருள் ஒருவரான நிக்கொலாய் வாவிலோவ் அதற்கு முன்னரே, 1943இல், சிறையில் இறந்திருந்தார். மேற்கிலும் பேர்னால் போன்ற பேரறிஞர் லைசென்கோவுக்கு ஆதரவாக எழுதினர். மார்க்சியர் மறைக்கவோ மழுப்பவோ கூடாத வரலாற்றுத் தவறு இது.

அத்தகைய வேளையில், சோசலிசவாதியான ஒரு விஞ்ஞானியின் கையிற் கிட்டிய முடிபு என்ன? சூழலினால் வைரசு மாற்றமுறுகின்றது; அம்மாற்றத்தைச் சந்ததிக்கும் கொண்டுசெல்வது போற் தோன்றுகின்றது. மேலோட்டமாக நோக்கின் லைசென்கோவின் கூற்றுக்கு இதைவிட உகந்த சான்று வேறில்லை. ஆயின் லூரியா அவ்வாறு கொள்ளவில்லை. 1943இலேயே மக்ஸ் டெல்புறூக்குடன் இணைந்து, வைரசை எதிர்க்கும் பற்றீரியங்கள் வைரசின் தாக்கத்தினால் உண்டாக்கப்படுவனவல்ல, முன்னரே தாமாகத் தோன்றிய விகாரிகளே என அவர் காட்டியிருந்தார். இப்போது கண்ட மாற்றம் ஒரு தலைமுறைக்கு மேல் தானே நிலைப்பதன்று; விருந்துவழங்கி மாறினால் அதுவும் மாறிவிடுகின்றது. எனவே 1952ஆம் ஆண்டுக் கட்டுரையின் தலைப்பிலேயே ‘மரபுவழிப்படாத மாற்றம்’ என அதனை அவர்கள் தெளிவாகக் குறித்தனர். தமது அரசியலுக்கு இனிக்கும் விளக்கத்தை விடுத்து, சான்று காட்டிய வழியிற் சென்றனர்.

இதனை அரசியலற்ற அறிவியலின் வெற்றி எனக் கொள்வதும் பொருந்தாது. 1969இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட அதே லூரியாவின் பெயர், அமெரிக்க அரசின் தேசிய சுகாதார நிறுவனங்கள் தமது ஆலோசனைக் குழுக்களில் இடமளிக்காதோரின் கறுப்புப் பட்டியலில் இருந்தமை அவ்வாண்டிலேயே வெளியாயிற்று. அறிவியல் அரசியலுக்குள்ளேதான் நிகழ்கின்றது. ஆயின் இயற்கையின் விதிகளை அரசியல் ஆணையால் மாற்றவியலாது. இவ்விரண்டையும் ஒருசேரப் பற்றிக்கொள்வதே பொருள்முதல்வாதம்.

4

வைரசு ஏந்திச் செல்லும் அடையாளம் யாது, எங்குள்ளது என்னும் வினாவுக்கு விடை ஜெனீவாவிற் கிடைத்தது. 1960இல் அமெரிக்காவிலிருந்து திரும்பிய வேர்னர் ஆர்பருக்கு ஜெனீவாப் பல்கலைக்கழகத்தில் ஆய்வு நடத்த உதவியது, கதிர்வீச்சு நுண்ணங்கிகளை எவ்வாறு பாதிக்கின்றது என அறிவதற்கு அணுசக்தி ஆய்வின் பேரில் ஒதுக்கப்பட்ட சுவிற்சர்லாந்துப் பொதுநிதியாகும். அணுயுகத்தின் அச்சமும் ஆசையும் ஒதுக்கிய பணம், எவரும் எதிர்பாராத வேறொரு விளைவைத் தந்தது. பயன் கருதாது தொடரும் ஆய்வுக்குப் பொதுநிதி எத்துணை இன்றியமையாதது என்பதற்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

ஆர்பரும் அவரது மாணவியான டெய்சி டுசுவாவும் 1962இல் வெளியிட்ட இரு கட்டுரைகள் இத்துறையின் திருப்புமுனையாகும். வைரசின் டி.என்.ஏ.யைக் கதிர்த்தொழிற்பாடுள்ள பொசுபரசினால் அடையாளமிட்டு, அது அயல் வகைப் பற்றீரியத்தினுட் சென்றதும் என்னவாகின்றது என அவர்கள் தொடர்ந்து நோக்கினர். உட்புகுந்த டி.என்.ஏ. விரைவிலேயே துண்டாடப்பட்டமையை டுசுவாவின் சோதனைகள் காட்டின. எனவே அடையாளம் டி.என்.ஏ.யின் மீதே உள்ளது. அவ்வடையாளம் அற்றதைக் கலம் சிதைக்கின்றது. அவ்வடையாளம், டி.என்.ஏ.யின் குறித்த இடங்களிற் சேர்க்கப்படும் மெதைல் என்னும் சிறு கூறாகலாம் என ஆர்பர் 1965இல் எடுத்துரைத்தார். (லூரியா முதன்முதலிற் கண்ட வைரசில் தொழிற்பட்டது மெதைல் அன்று, குளுக்கோசு மூலக்கூறுகள் என்பது பின்னர் தெரியவந்தது. ஆயின் இயல்பில் இரண்டும் ஒத்த தற்காப்புப் போராட்டத்தின் இரு வடிவங்களே.)

கலத்தில் இரு நொதியங்கள் உள. இரண்டும் டி.என்.ஏ.யில் ஒரே எழுத்துவரிசையை இனங்காண்பன. ஒன்று அவ்விடத்தை வெட்டுகின்றது. மற்றையது அதே இடத்தில் மெதைலை இட்டு, வெட்டிலிருந்து காக்கின்றது. கலத்தின் சொந்த டி.என்.ஏ. எப்போதும் அடையாளமிடப்பட்டிருக்கும். அது இரட்டித்துப் புதிய இழை தோன்றும்போது, பழைய இழையிலுள்ள அடையாளமே தற்காலிகக் காப்பாகின்றது. அதற்குள் புதிய இழையும் அடையாளம் பெறுகின்றது. வந்தேறிய வைரசோ அடையாளமின்றி வருவதால் வெட்டுண்கின்றது. அரிதாக அடையாளமிடும் நொதியம் முந்திக்கொண்டால் அவ்வைரசு தப்புகின்றது. அதன் வழித்தோன்றல்கள் அடையாளத்துடனேயே பிறக்கின்றன. பல்லாயிரத்தில் ஒன்று தப்பியதும், தப்பியதன் சந்ததி தடையின்றிப் பெருகியதும் இதனாலேயே. லைசென்கோவாதியர் மந்திரமெனக் கொண்டிருக்கக்கூடிய நிகழ்வு இவ்வாறு இரசாயனமாயிற்று.

இவற்றை ஆர்பர் தமது சிறு மகளுக்குக் கூறியபோது, அவள் அதனை ஓர் அரசன் கதையாக்கினாள். பற்றீரியத் திரள் ஒரு நகரம், ஒவ்வொரு பற்றீரியத்தினுள்ளும் இருக்கும் டி.என்.ஏ. அரசன், நொதியங்கள் ஏவலாளர். அவ்வேவலாளருள் ஒருவன் கத்தரிக்கோல் ஏந்தியவன். அயலரசன் படையெடுத்து வந்தால் அவனைத் துண்டாடுவான். தன் அரசனுக்குத் தீங்கிழையான். நோபல் பரிசின் பின்னர் இக்கதை பரவலாக அறியப்பட்டது. குழந்தையின் கற்பனை அழகியது. அதிற் குறைகாண்பது எமது நோக்கமன்று. ஆயின் முதிர்ந்த அறிவியலாளரின் நூல்களிலும் டி.என்.ஏ. ஆணையிடுவதாகவும் புரதங்கள் அடிபணிவதாகவும் எழுதப்பட்டமை சிந்தனைக்குரியது. உண்மையில் அவ்வேவலாளரின்றி அரசனுக்கு வாழ்வில்லை. அடையாளமிடும் ஏவலாளன் தாமதித்தால் அரசனே வெட்டுண்பான். கலத்தினுள் நிலவுவது முடியாட்சியன்று. ஒன்றையொன்று நிருணயிக்கும் செயல்களின் தொகுதி. உருவகம் விளக்குகின்றது, அதேவேளை தான் தோன்றிய சமூகத்தின் படிநிலையை இயற்கையின் மேல் ஏற்றியும் வைக்கின்றது.

5

1968இல் ஹாவர்ட் பல்கலைக்கழகத்தில் மத்தியூ மெசெல்சனும் றொபேட் யுவானும் ஈ. கோலையிலிருந்து இத்தகைய நொதியமொன்றைத் தூய்மையாக்கினர். அது குறித்த எழுத்துவரிசையை இனங்கண்டதாயினும், வெட்டியது அவ்விடத்திலன்று. அப்பாலே, ஒழுங்கின்றிப் பலவிடங்களில் வெட்டியது. கொள்கை மெய்ப்பிக்கப்பட்டது, கருவி இன்னமும் கைவரவில்லை.

கருவி பால்ரிமோர் நகரின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் பல்கலைக்கழகத்தில் கிடைத்தது. ஹமில்ரன் ஸ்மித்தும் அவரது மாணவர் கென்ற் வில்கொக்சும் ஹீமோபிலஸ் இன்புளுவன்சே என்னும் பற்றீரியம் வெளியிலிருந்து டி.என்.ஏ.யை உட்கொள்ளும் இயல்பினை ஆராய்ந்துகொண்டிருந்தனர். அதற்கு அளித்த வைரசு டி.என்.ஏ.யை மீளப் பெற முடியவில்லை. மெசெல்சனின் கட்டுரையை அறிந்திருந்த அவர்கள், அது வெட்டப்படுகின்றதோ என ஐயுற்றனர். அவர்கள் கையாண்ட முறை மிக எளியது. நெடிய டி.என்.ஏ. கரைந்துள்ள நீர் பாகு போன்றது. வெட்டுண்டால் அதன் பாகுநிலை குன்றும். பற்றீரியச் சாற்றைச் சேர்த்துப் பாகுநிலைமானியிற் பார்த்தபோது, அயல் டி.என்.ஏ.யின் பாகுநிலை சில நிமிடங்களிற் குறைந்தது. பற்றீரியத்தின் சொந்த டி.என்.ஏ.யோ மாற்றமின்றி இருந்தது. 1970இல் இம்முடிபு வெளியாயிற்று. இந்நொதியம், தான் இனங்காணும் இடத்திலேயே வெட்டியது. அவ்விடத்தின் எழுத்துவரிசையை ஸ்மித்தும் தோமஸ் கெலியும் கண்டறிந்தனர்.

அவ்வரிசையின் இயல்பு தமிழ் மாணவருக்குப் புதியதன்று. முன்னிருந்து படிப்பினும் பின்னிருந்து படிப்பினும் ஒன்றாகவே அமையும் செய்யுளை மாலைமாற்று என எமது யாப்பு மரபு கூறும். திருஞானசம்பந்தரின் திருமாலைமாற்றுப் பதிகம் இதற்குப் பெயர்பெற்ற எடுத்துக்காட்டு. டி.என்.ஏ. ஏ, ரி, ஜீ, சீ என்னும் நான்கு எழுத்துகளால் ஆன இரட்டை இழை. ஓர் இழையில் ஏ உள்ள இடத்து எதிரிழையில் ரி இருக்கும். ஜீ உள்ள இடத்து சீ இருக்கும். இரு இழைகளும் எதிரெதிர்த் திசைகளிற் படிக்கப்படுவன. ஈ. கோலையிலிருந்து பின்னர் பெறப்பட்ட புகழ்பெற்ற நொதியமொன்று இனங்காணும் வரிசை ஜீ-ஏ-ஏ-ரி-ரி-சீ என்பதாகும். எதிரிழையை அதன் திசையிற் படித்தாலும் ஜீ-ஏ-ஏ-ரி-ரி-சீ என்றே வரும். ஓர் இழையை முன்னும் பின்னுமாகப் படிப்பதால் அன்றி, இரு இழைகளையும் அவற்றின் திசைகளிற் படிப்பதால் எய்தப்படும் மாலைமாற்று இது. இவ்வமைப்பினாலேயே, ஒத்த இரு பகுதிகளாலான நொதியம் இரு இழைகளையும் ஒருங்கே பற்றி வெட்ட முடிகின்றது.

இந்நொதியம் ஒவ்வோர் இழையிலும் ஜீக்கும் ஏக்கும் இடையே வெட்டுகின்றது. ஆதலால் வெட்டு நேராக விழுவதில்லை. ஒவ்வொரு முனையிலும் ஏ-ஏ-ரி-ரி என்னும் நான்கெழுத்துத் தனியிழை நீட்டிக்கொண்டு நிற்கும். அந்நீட்சி, அதே நொதியத்தால் வெட்டப்பட்ட வேறெந்த டி.என்.ஏ.யின் நீட்சியோடும் ஒட்டவல்லது. அது தவளையுடையதாயினும் மனிதனுடையதாயினும் வேறுபாடில்லை. ஆறெழுத்து வரிசையொன்று தற்செயலாக ஏறத்தாழ 4,096 எழுத்துகளுக்கு ஒருமுறை தோன்றும். எனவே துண்டுகள் கையாளத்தக்க அளவினவாக அமைகின்றன.

6

கருவியின் முதற் பெரும் பயன் வெட்டுவதிலன்றி வரைவதிலேயே வெளிப்பட்டது. 1969இல் இஸ்ரவேலில் தங்கியிருந்த நேதன்சுக்கு ஸ்மித் எழுதிய கடிதமே அவரை இதன்பால் ஈர்த்தது. குரங்குகளில் காணப்படும், புற்றுநோயை உண்டாக்கவல்ல சிறு வைரசொன்றின் டி.என்.ஏ.யை அவரும் அவரது மாணவி கத்லீன் டன்னாவும் இந்நொதியத்தால் வெட்டினர். ஜெல் ஒன்றினூடு மின்னைச் செலுத்தித் துண்டுகளை நீளத்துக்கேற்பப் பிரித்தபோது பதினொரு துண்டுகள் தனித்தனியே புலப்பட்டன. 1971இல் வெளியான இவ்வாய்வைத் தொடர்ந்து, அவ்வைரசின் டி.என்.ஏ.க்கு ஒரு வரைபடம் உருவாயிற்று. முடிவற்ற நூல்போற் தோன்றிய டி.என்.ஏ., எல்லைக் கற்கள் நாட்டப்பட்ட நிலமாயிற்று.

அடுத்து வந்தது ஒட்டுதல். 1972இல் ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகத்தில் போல் பேர்க்கின் குழுவினர் இரு வேறு வைரசுகளின் டி.என்.ஏ.யை இணைத்தனர். அதே ஆண்டில் ஜனற் மேர்ட்ஸ், றொனால்ட் டேவிஸ் ஆகியோர் மேற்கூறிய ஈ. கோலை நொதியத்தின் முனைகள் தாமே ஒட்டுமியல்பின எனக் காட்டினர். அந்நொதியம், சான் பிரான்சிஸ்கோவில் நோயாளிகளிடமிருந்து பெற்ற பற்றீரிய வகைகளை ஹேர்பேட் போயரின் குழுவினர் ஆராய்ந்தபோது கிடைத்ததாகும். ஜெனீவாவில் ஆர்பரின் மாணவியாயிருந்த டுசுவா அக்குழுவிலும் பங்காற்றினார். 1972 நவம்பரில் ஹொனலூலூவில் நடந்த மாநாட்டிற் சந்தித்த போயரும் ஸ்ரான்லி கோகனும் தமது ஆய்வுகளை இணைக்க முடிவுசெய்தனர். 1973இல் கோகன், அனி சாங், போயர், றொபேட் ஹெலிங் ஆகியோர், பற்றீரியங்களிலுள்ள வளைய வடிவ டி.என்.ஏ.யான பிளாஸ்மிட்டில் அயல் துண்டை ஒட்டி, அதனைப் பற்றீரியத்தினுட் பெருகச் செய்தனர். 1974இல் தவளையின் பரம்பரையலகு பற்றீரியத்தினுள் இடப்பட்டது. ஜோன் மொறோவும் அவ்வாய்விற் பங்குகொண்டார்.

இக்காலத்தில் நொதியங்கள் விலைக்குக் கிடைக்கவில்லை. ஒவ்வோர் ஆய்வுகூடமும் தானே பற்றீரியத்தை வளர்த்து, சாறெடுத்து, தூய்மையாக்கி, தேவைப்பட்டோருக்குக் கொடுத்துதவியது. கோல்ட் ஸ்பிரிங் ஹாபரில் றிச்சட் றொபேட்சின் ஆய்வுகூடம் முதலில் அறியப்பட்ட நொதியங்களுள் பெரும்பாலானவற்றைக் கண்டறிந்தது. பலரும் அங்கு சென்று அவற்றைப் பயன்படுத்தினர். 1970களின் நடுப்பகுதியிலேயே அவை வாணிபப் பண்டமாயின. அதற்கு முந்திய சில ஆண்டுகளில் நிலவிய உறவு, கொடுக்கல் வாங்கலால் ஆன ஒருவகைப் பொதுவுடைமை எனின் மிகையாகாது. அதனை இலட்சியமயப்படுத்தவும் வேண்டியதில்லை. அப்பொதுவுடைமையிலும் தூய்மையாக்கும் நெடுவேலையிற் பெரும்பங்கு மாணவர்களினதும் உதவியாளர்களினதுமாயிருந்தது. விருதுகளோ ஆய்வுகூடத் தலைவர்களுக்கே சென்றன.

7

1974 யூலையில், இப்புதிய இணைப்பு முறையின் ஆபத்துகள் தெளிவாகும்வரை சிலவகைச் சோதனைகளை நிறுத்திவைக்குமாறு பேர்க் முதலானோர் பகிரங்கமாகக் கோரினர். 1975 பெப்ரவரியில் கலிபோர்ணியாவின் அசிலோமாரிற் கூடிய விஞ்ஞானிகள் பாதுகாப்பு விதிகளை வகுத்தனர். விஞ்ஞானிகளின் பொறுப்புணர்வுக்கு எடுத்துக்காட்டாக இக்கூட்டம் போற்றப்படுகின்றது, அது நியாயமே. ஆயின் அக்கூட்டத்துக்கு மூன்று மாதங்களின் முன்னரே, 1974 நவம்பரில், ஸ்ரான்போர்ட் பல்கலைக்கழகம் இம்முறைக்கான ஆக்கவுரிமையைக் கோரி விண்ணப்பித்திருந்தது. கிருமி தப்பிச் செல்லுமோ என்பது பற்றி அசிலோமாரில் விரிவாக விவாதிக்கப்பட்டது. அறிவு எவருடைய கைக்குச் செல்லும் என்பது அங்கு விவாதப் பொருளாகவில்லை.

ஆக்கவுரிமை விண்ணப்பத்திற் புத்தாக்குநராகக் குறிக்கப்பட்டவர் கோகனும் போயரும் மட்டுமே. கட்டுரைகளில் உடன் ஆசிரியர்களாயிருந்த ஹெலிங், மொறோ ஆகியோர் தமக்கு அதிற் பங்கில்லை எனக் கையொப்பமிட மறுத்தனர். ஆய்வுக்குப் பணம் தந்தவை அமெரிக்கப் பொதுநிதி நிறுவனங்களும் புற்றுநோய்க்கென மக்களிடம் திரட்டப்பட்ட நன்கொடைகளுமாகும். 1980 டிசம்பர் 2ஆந் திகதி ஆக்கவுரிமை வழங்கப்பட்டது. 1997இல் அது காலாவதியாகும் வரை இரு பல்கலைக்கழகங்களுக்கும் கிடைத்த வருமானம் ஏறத்தாழ 25 கோடியே 50 இலட்சம் டொலர். பல்கலைக்கழக ஆய்வாளரிடம் கட்டணம் அறவிடப்படவில்லை என்பதையும் நேர்மையாகக் குறிப்பிடல் வேண்டும். கட்டணம் செலுத்தியவை கம்பனிகளே. ஈற்றில் அதனைச் சுமந்தோர் அவற்றின் பண்டங்களை வாங்கியோர்.

1980ஆம் ஆண்டு இவ்வகையில் ஒரு வரலாற்று எல்லையாகும். அவ்வாண்டு யூனில், ஆனந்த சக்கரவர்த்தி உருவாக்கிய பற்றீரியம் பற்றிய வழக்கில், மனிதன் ஆக்கிய உயிரிக்கும் ஆக்கவுரிமை உண்டென அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஐவருக்கு நால்வர் என்னும் பெரும்பான்மையால் தீர்ப்பளித்தது. ஒக்ரோபரில், போயரும் முதலீட்டாளர் றொபேட் சுவான்சனும் 1976இல் நிறுவிய ஜெனன்ரெக் கம்பனியின் பங்குகள் சந்தைக்கு வந்தன. 35 டொலர் விலை குறிக்கப்பட்ட பங்கு ஒரு மணித்தியாலத்துள் 88 டொலருக்கு ஏறியது. அப்போது அக்கம்பனியிடம் சந்தையில் விற்கும் மருந்து ஒன்றேனும் இருக்கவில்லை. டிசம்பரில், பொதுநிதியால் விளைந்த கண்டுபிடிப்புகளைப் பல்கலைக்கழகங்களே உடைமையாக்கிக்கொள்ள வழிசெய்யும் சட்டம் நிறைவேறிற்று. உற்பத்தி சமூகமயமாக, அபகரிப்பு தனியார்மயமாக இருக்கும் முரண்பாட்டை எங்கெல்ஸ் ஆலைகளில் வைத்து விளக்கினார். அது அறிவின் உற்பத்தியிலும் ஓராண்டுக்குள் சட்ட வடிவம் பெற்றதை இங்கு காண்கின்றோம்.

ஜெனன்ரெக் கம்பனி 1978இல் பற்றீரியத்தின் மூலம் மனித இன்சுலினை உருவாக்கியது. 1982இல் அது எலி லில்லி கம்பனியின் மருந்தாக வெளிவந்தது. அதற்கு முன்னர் இன்சுலின் மாடு, பன்றி ஆகியவற்றின் சதையியிலிருந்து எடுக்கப்பட்டது. நீரிழிவு நோயாளர் பல கோடிப்பேர் இப்புதிய முறையாற் பயனடைந்தனர் என்பதில் ஐயமில்லை. அதனைச் சிறுமைப்படுத்தும் விமர்சனம் மக்கள் சார்பானதாகாது. ஆயின் 1923இல் இன்சுலினைக் கண்டறிந்த ரொறொன்ரோ ஆய்வாளர் தமது ஆக்கவுரிமையைத் தலா ஒரு டொலருக்குப் பல்கலைக்கழகத்திடம் ஒப்படைத்தனர். ஒரு நூற்றாண்டின் பின் உலக இன்சுலின் சந்தையின் மிகப் பெரும்பகுதி மூன்று கம்பனிகளின் கையில் உள்ளது. இவ்விரு நிலைகளுக்கும் இடையிலான தூரத்தை நொதியங்களைக் கொண்டு விளக்கவியலாது. உடைமை உறவுகளைக் கொண்டே விளக்கலாம்.

8

இவ்வரலாற்றில் அதிகம் பேசப்படாத ஒரு நிகழ்வையும் குறிப்பிட வேண்டும். 1976இல் ஹாவர்ட் பல்கலைக்கழகம் இத்தகைய ஆய்வுக்கென விசேட ஆய்வுகூடம் அமைக்க முற்பட்டபோது, அது அமைந்திருந்த கேம்பிரிட்ஜ் நகரின் சபை பகிரங்க விசாரணை நடத்தி, சில மாதங்களுக்கு அவ்வாய்வை நிறுத்திவைத்தது. பின்னர் நகரவாசிகளைக் கொண்ட ஒரு குழு நியமிக்கப்பட்டது. செவிலியர், பொறியியலாளர், சமூக சேவையாளர் முதலானோர் அதில் இருந்தனர். இத்துறையின் நிபுணர் எவரும் இடம்பெறவில்லை. அவர்கள் மாதக்கணக்கில் அறிவியலைக் கற்று, இருசாராரையும் விசாரித்து, கூடுதற் பாதுகாப்புகளுடன் ஆய்வை அனுமதிக்கலாமென 1977இற் பரிந்துரைத்தனர். நிபுணர் பலர் அஞ்சியதுபோல அறியாமை அங்கு அரசோச்சவில்லை. சாதாரண மக்கள் சிக்கலான அறிவியலை விளங்கிக்கொள்ளவும் அது குறித்துப் பொறுப்புடன் தீர்மானிக்கவும் வல்லவர் என்பதை அக்குழு காட்டிற்று. எனினும் அவர்களிடமும் கேட்கப்பட்டது ஆபத்துப் பற்றிய வினா மட்டுமே. உடைமை பற்றிய வினா கேட்கப்படவில்லை.

இன்று மூவாயிரத்துக்கும் மேற்பட்ட மட்டுப்படுத்தும் நொதியங்கள் அறியப்பட்டுள்ளன. பற்றீரியங்களின் வேறொரு தற்காப்பு முறையான கிறிஸ்பரைக் கருவியாக்கியமைக்கு 2020இல் எமானுவேல் சார்ப்பந்தியே, ஜெனிபர் டௌட்னா ஆகியோர் இரசாயனத்துக்கான நோபல் பரிசைப் பெற்றனர். அதன் ஆக்கவுரிமை பற்றி அமெரிக்க நிறுவனங்களிடையே நெடிய வழக்கு நிகழ்ந்தது. பற்றீரியங்களின் கூர்ப்பிலே உருவான கருவி, பொதுநிதியால் கற்றறியப்பட்டு, ஈற்றில் தனியுரிமைக்கான வழக்காக முடியும் பாதை இரண்டாம் முறையும் மிதிக்கப்பட்டுள்ளது.

இவ்வரலாற்றிலிருந்து பெறத்தக்கது யாது? வெட்டும் நொதியத்துக்கு வர்க்கமில்லை. எந்த ஆட்சியிலும் அது அதே ஆறெழுத்தையே இனங்காணும். அதனை மறுத்த லைசென்கோவாதம் சோவியத் உயிரியலை ஒரு தலைமுறைக் காலம் முடக்கியது. ஆயின் அந்நொதியத்தைக் கண்டறியும் உழைப்புக்கும், அதன் பலனைப் பங்கிடும் முறைக்கும் வர்க்கம் உண்டு. முதலாவதை மறந்தால் வறட்டுவாதிகளாவோம். இரண்டாவதை மறந்தால் விருதுப் பட்டியலின் உரையாசிரியர்களாவோம். மேரி ஹியூமன், டெய்சி டுசுவா, கென்ற் வில்கொக்ஸ், கத்லீன் டன்னா, ஜனற் மேர்ட்ஸ், அனி சாங் ஆகிய பெயர்களை இக்கட்டுரையில் நாம் விடாது குறித்தமை இதனாலேயே. அவர்களுக்கேனும் பெயர் உண்டு. சான் பிரான்சிஸ்கோவின் மருத்துவமனையில் தனது உடலிலிருந்து அந்தப் பற்றீரியத்தை ஈந்த நோயாளிக்கு இவ்வரலாற்றிற் பெயருமில்லை, பங்குமில்லை.